எண்ணில் வாழும் பாத்திரம்: ரென்பை எஞ்சினில் பண்பளவுகளைக் கிளாஸாக வரையறுத்தல்

1. ஆய்வின் பொருள்

விஷுவல் நாவல் வகை ஆட்டங்களை உருவாக்கப் பலரும் கையாளும் எஞ்சின் ரென்பை. டாம் ராத்தமெல் 2004-இல் வெளியிட்ட இது, பைத்தான் மொழியின் மேல் கட்டப்பட்டது. காசு கேட்பதில்லை, மூல நிரலையும் யாரும் பார்க்கலாம். ‘கதாவா ஷோஜோ’ (2012), ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ (2017), ‘ஸ்லே தி பிரின்சஸ்’ (2023) ஆகிய மூன்றும் இதில் உருவானவை. உரையாடலும் படமும் தெரிவுகளுமாகக் கதை சொல்ல மிகக் குறைந்த நிரல் போதும் என்பதால், எழுத்தாளராக உள்ளே வருகிறவர்களே இங்கு மிகுதி. அவர்கள் முதன்முதலில் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றே: கதாநாயகிக்குத் துணிவு இவ்வளவு, அறிவு இவ்வளவு, தோழியிடம் நெருக்கம் இவ்வளவு என்று எண் வைக்கத் தொடங்கும் இடம்.

விளையாட்டாளர்கள் ஸ்டாட்ஸ் என்று சொல்லும் இந்தப் பண்பளவுகளைத் தனித்தனி மாறிகளாக எழுதினாலும் ஆட்டம் ஓடும். ஐந்து பாத்திரங்கள், ஆளுக்கு ஆறு அளவுகள் என்றானால் முப்பது மாறிகள். அப்போதுதான் கிளாஸ் நினைவுக்கு வருகிறது: எண்களையும் அவற்றை மாற்றும் செயல்களையும் ஒன்றாக வரையறுக்கும் அச்சு அது. அதிலிருந்து வார்க்கும் ஒவ்வொரு பிரதியும் ஓர் ஆப்ஜெக்ட். நிரலை ஒழுங்காக அடுக்கி வைக்கும் வசதி என்றே பெரும்பாலான பயிற்சிப் பாடங்கள் கிளாஸை அறிமுகம் செய்கின்றன. அந்த அறிமுகம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ரென்பையில் ஒரு பண்பளவு ஆட்டத்தின் நினைவைச் சேர்ந்தது. ஆட்டக்காரர் சேவ் செய்து மூடிவிட்டு மறுநாள் திறந்தாலும், ஒரு தெரிவிலிருந்து பின்னால் உருட்டிப் போனாலும், பல மாதம் கழித்துப் புதிய பதிப்பில் பழைய சேவை ஏற்றினாலும் அந்த எண் தன் இடத்தில் சரியாக நிற்க வேண்டும். கிளாஸை எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு விடை இந்த மூன்று சோதனைகளிலிருந்துதான் வர வேண்டும்.

2. பண்பளவும் கிளாஸும் வந்த வழி

குணத்தை எண்ணாக்கும் பழக்கத்தை ஆட்ட உலகில் நிலைநிறுத்தியது 1974-இல் வந்த ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், வசீகரம் என்ற ஆறும் மூன்று பகடைகளின் கூட்டுத்தொகையாக 3 முதல் 18 வரை அமைந்தன. ஜப்பானில் கைனாக்ஸின் ‘பிரின்சஸ் மேக்கர்’ (1991) ஒரு மகளை வளர்த்தெடுப்பதையே எண்களின் வளர்ச்சியாகக் காட்டியது. கொனாமியின் ‘டோக்கிமெக்கி மெமோரியல்’ (1994) பள்ளிக் காதலை அதே வழியில் கொண்டுவந்தது. விஷுவல் நாவலுக்குள் பண்பளவு நுழைந்த வாசல் இது.

கிளாஸ் வேறு ஊரில் பிறந்தது. ஆஸ்லோவில் நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹன் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய ‘சிமுலா 67’ மொழியில்தான் கிளாஸ் என்ற கருத்து முதலில் வடிவம் பெற்றது. அவர்கள் கைக்கொண்ட வேலை உருவகப்படுத்தல்: ஒரே மாதிரி நடக்கும் பலர், ஒவ்வொருவருக்கும் தனி நிலை, நேரம் நகர நகர அந்த நிலை மாறுதல். கதைப் பாத்திரங்களுக்குக் கிளாஸ் எழுதுகிறவர் அந்தக் கருத்தை அதன் பிறந்த வீட்டுக்கே அழைத்துப் போகிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

3. பேசும் ஆள், அளக்கப்படும் ஆள்

ரென்பையில் ‘கேரக்டர்’ என்றே ஒரு பொருள் உண்டு. பெயர், பெயரின் நிறம், உரை எந்தப் பெட்டியில் வர வேண்டும், எழுத்து எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பவையே அதன் பொறுப்புகள். பெயரைப் பார்த்துவிட்டுத் துணிவையும் அறிவையும் அதற்குள்ளேயே வைக்கலாம் என்று புதியவர்கள் நினைப்பது இயல்பு. வைக்கக் கூடாது. கேரக்டர் என்பது உரையாடலை அச்சிடும் கருவி. ஆட்டம் தொடங்கும் முன்பே அமைந்துவிடும், பிறகு மாறாது. பண்பளவோ காட்சிக்குக் காட்சி மாறுவது.

மாறாததையும் மாறுவதையும் பிரித்து வைக்க ரென்பை இரண்டு கூற்றுகளைத் தருகிறது. ‘டிஃபைன்’ ஆட்டம் தொடங்கும் முன் ஒரு மதிப்பை நிறுவுகிறது. அது மாறிலி, சேவில் போகாது. ‘டிஃபால்ட்’ ஒவ்வொரு புதிய ஆட்டத்தின் தொடக்கத்திலும் மதிப்பை நிறுவுகிறது. அது சேவில் போகும். எனவே கேரக்டர் டிஃபைனில், பண்பளவு ஆப்ஜெக்ட் டிஃபால்டில். இரண்டுக்கும் வேறு பெயர் வேண்டும். ஒரே பெயர் வைத்தால் ஒன்றை மற்றொன்று மறைத்துவிடும். பேசுகிறவளுக்கு ‘தேன்’, அளக்கப்படுகிறவளுக்கு ‘தேன்மொழி’ என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பெயர்களை இப்படியே நிரலிலும் எழுதலாம். பைத்தான் 3 தமிழ் எழுத்தில் பெயர் வைக்க இடம் தருகிறது. 2022-இல் வந்த ரென்பை 8 பைத்தான் 3-க்கு மாறிவிட்டது. ரென்பையின் சொந்தக் கூற்றுகளும் யூனிகோட் எழுத்துகளைப் பெயரில் ஏற்கின்றன. மொழியின் கட்டளைச் சொற்கள் மட்டும் அவை இருந்தபடியே இருக்கும். ஆகவே கீழே வரும் வரிகள் விளக்கத்துக்காகத் தமிழாக்கியவை அல்ல. ஸ்கிரிப்ட்டில் டாலர் குறிக்குப் பின் அப்படியே எழுதக்கூடியவை.

தேன்மொழி.துணிவு += 5

தேன்மொழி.பழகு("வேலன்", 3)

முதல் வரி துணிவு என்ற புலத்தில் ஐந்தைக் கூட்டுகிறது. இரண்டாவது, வேலன் என்ற பாத்திரத்தின்மேல் அவளுக்குள்ள நெருக்கத்தை மூன்று கூட்டும் மெத்தட்டை, அதாவது கிளாஸுக்குள் எழுதிய செயலை, அழைக்கிறது. உரையாடலுக்குள் சதுர அடைப்பில் [தேன்மொழி.துணிவு] என்று இட்டால் எண் அங்கே வந்து நிற்கும். தெரிவுப் பட்டியலில் ஒரு வரிக்குப் பின் ‘இஃப்’ வைத்து தேன்மொழி.துணிவு >= 40 என்று எழுதினால், துணிவு நாற்பதைத் தொடாதவருக்கு அந்தத் தெரிவு கிடைக்காது.

இரண்டையும் ஒன்றாக்கும் மூன்றாவது வழியும் இருக்கிறது. உரையாடல் வரியை ஓட்டும்போது ரென்பை பேசுபவரின் ஆப்ஜெக்ட்டை ஒரு ஃபங்ஷன் போல அழைக்கிறது. எனவே நம் கிளாஸுக்கு ‘கால்’ மெத்தட் எழுதி, அழைப்பை உள்ளிருக்கும் கேரக்டரிடம் தள்ளிவிட்டால், ஒரே பெயர் பேசவும் செய்யும், எண்களையும் சுமக்கும். பார்க்க அழகானது. ஆனால் மாறாததும் மாறுவதும் மறுபடி ஒன்றாகக் கலந்துவிடுவதால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

4. எந்த எண்ணைச் சேமிப்பது

பண்பளவு மிகுந்த விஷுவல் நாவலுக்கு ஒரு நல்ல உதாரணம் ‘லாங் லிவ் தி குவீன்’ (2012). ரென்பையில் செய்தது, ஹனாக்கோ கேம்ஸ் வெளியிட்டது. தாயை இழந்த பதினான்கு வயது இளவரசி எலோடி நாற்பது வாரம் உயிரோடு இருந்து முடிசூட வேண்டும். வாரத்துக்கு இரண்டு பாடம். பிரிவுக்கு மூன்றாகப் பதினான்கு பிரிவுகளில் 42 திறன்கள்: அவை மரியாதை, நீச்சல், நஞ்சு பற்றிய அறிவு, கடற்போர் உத்தி, சங்கேத எழுத்து என்று விரியும். அவள் பயத்தில் இருக்கிறாளா, கோபத்தில் இருக்கிறாளா, தனிமையில் வாடுகிறாளா என்பதைப் பொறுத்துக் கற்கும் வேகம் சில பாடங்களில் கூடும், சிலவற்றில் குறையும். ஒரு திறன் சோதிக்கப்படும்போது, தேறினாளா தவறினாளா என்பது திரையிலேயே வந்துவிடுகிறது. எந்த எண் குறைந்ததால் செத்தோம் என்று ஆட்டக்காரருக்குத் தெரிகிறது. மறுபடி தொடங்கத் தூண்டுவது அதுதான்.

இப்படிப்பட்ட ஒன்றுக்கு நாம் கிளாஸ் எழுதுவதாகக் கொள்வோம். 42 எண்களையும் 42 தனிப் புலங்களாக எழுதலாம். திறனின் பெயரைச் சாவியாகக் கொண்ட ஒரு டிக்‌ஷனரியிலும் வைக்கலாம். ஆறேழு அளவுகள் என்றால் தனிப் புலமே நல்லது: பெயரைத் தவறாக எழுதினால், படிக்கும் இடத்தில் உடனே பிழை வந்து நிற்கும். நாற்பதைத் தாண்டினால் டிக்‌ஷனரி. அப்போதுதான் பிரிவு வாரியாகச் சுற்றிவந்து கூட்டவும் திரையில் அடுக்கவும் முடியும்.

அதைவிட முக்கியமான முடிவு, சேமிக்கும் எண்ணுக்கும் கணக்கிட்டுப் பெறும் எண்ணுக்கும் இடையே கோடு போடுவது. மனநிலை சேமிக்க வேண்டியது. திறனின் அளவு சேமிக்க வேண்டியது. மனநிலையால் கூடிய கற்றல் வேகம் சேமிக்கக் கூடாதது. கேட்கும்போது கணக்கிட வேண்டியது. அதையும் ஒரு புலமாக வைத்தால், மனநிலை மாறும் ஒவ்வொரு இடத்திலும் அதைத் திருத்தியாக வேண்டும். நூறு காட்சி எழுதுகிறவர் எங்கோ ஓரிடத்தில் மறப்பார். ‘கற்பி’ என்று ஒரு மெத்தட் எழுதி, பாடத்தின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு, மனநிலையைப் பார்த்து, எவ்வளவு கூட்டுவது என்று அதுவே தீர்மானிக்கட்டும். காட்சி எழுதுகிறவர் இப்படி எழுதினால் போதும்:

எலோடி.கற்பி("நீச்சல்")

எல்லைகளும் கிளாஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். 0-க்குக் கீழேயும் 100-க்கு மேலேயும் போகக்கூடாத ஓர் அளவை பைத்தானின் பிராப்பர்ட்டியாக எழுதி, மதிப்பை ஏற்கும் இடத்தில் வரம்பு கட்டிவிட்டால், தேன்மொழி.துணிவு += 5 என்ற வரி ஓர் எழுத்தும் மாறாமல் வரம்புக்குள் நடக்கும். ‘நாற்பதுக்கு மேல் துணிந்தவள்’ போன்ற வரையறைகளும் அப்படியே. அந்த நாற்பதை முப்பது தெரிவுகளில் தனித்தனியே எழுதி வைத்தவர், அது கடினமாக இருக்கிறது என்று ஆடிப்பார்த்தவர்கள் சொல்லும்போது முப்பது இடம் தேடுவார். தேன்மொழி.துணிந்தவளா() என்று கேட்டு வைத்தவர் ஒரு வரி மாற்றுவார்.

எந்தக் காட்சியும் கேட்காத எண்ணை வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வசீகரம் 37 என்று திரையில் காட்டிவிட்டு, முடிவு வரை எந்தத் தெரிவும் அதைச் சோதிக்காவிட்டால், அந்த எண்ணை உயர்த்தப் பாடுபட்ட வாசகரின் உழைப்பு வீணாகிறது.

5. நினைவின் முதல் சோதனை: சேவ்

ரென்பை எதைச் சேமிக்கிறது என்பதற்கு ஒரு திட்டவட்டமான விதி உண்டு: ஆட்டம் தொடங்கிய பின் மாறிய மாறிகளும், அவற்றிலிருந்து எட்டக்கூடிய ஆப்ஜெக்ட்டுகளும். இங்கே கவனம் மாறியின் மேல்தான். ஆப்ஜெக்ட்டின் உள்ளே ஒரு புலம் மாறினால் மட்டும் அதைச் சுட்டும் மாறி ‘மாறியது’ ஆகிவிடாது.

இந்த ஒரு வரியைக் கவனிக்காததால் வரும் பிழையைப் பாருங்கள். ஒருவர் பண்பளவு ஆப்ஜெக்ட்டை டிஃபைனில் வைக்கிறார். ஆட்டக்காரர் ஆடுகிறார், துணிவு 0-இலிருந்து 15 ஆகிறது, திரையும் 15 என்றே காட்டுகிறது. சேவ் செய்து, ஆட்டத்தை மூடி, மறுநாள் திறந்து ஏற்றுகிறார். துணிவு 0. ‘தேன்மொழி’ என்ற மாறி தொடக்கத்தில் சுட்டிய அதே ஆப்ஜெக்ட்டைத்தான் கடைசி வரை சுட்டியது. ஆகவே சேவுக்குள் போகவே இல்லை. ஆட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அமர்வில் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது. நாள் பிரித்து ஆடும் வாசகரிடம்தான் அது போய் வெடிக்கும். டிஃபைன் என்ற சொல்லை டிஃபால்ட் என்று மாற்றினால் தீர்ந்தது.

சேவ் பைத்தானின் ‘பிக்கிள்’ முறையில் எழுதப்படுகிறது. பிக்கிளால் மடிக்க முடியாதவற்றை ஆப்ஜெக்ட்டுக்குள் வைக்கக் கூடாது: லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்), திறந்திருக்கும் கோப்பு, பாதி ஓடிய ஜெனரேட்டர் முதலியவை. ஒரு பண்பளவு உயரும்போது என்ன நடக்க வேண்டும் என்பதை லாம்டாவாகப் புலத்தில் வைப்பது பைத்தான் பழகியவர்களுக்குக் கை போகும் வழி. இங்கே சேவ் பொத்தானை அழுத்தும்போது ஆட்டம் பிழையோடு நிற்கும். மெத்தட்டாக எழுதுங்கள்.

6. இரண்டாவது சோதனை: ரோல்பேக்

ரென்பையின் தனிச்சிறப்பு ரோல்பேக். மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் கதை பின்னால் போகும். படம், உரை, மாறிகள் எல்லாம் அந்த நேரத்து நிலைக்குத் திரும்பும். இதற்காக எஞ்சின் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைத்துக்கொண்டே வருகிறது. ஸ்கிரிப்ட் கோப்பில் இனிட் பைத்தான் பகுதிக்குள் எழுதும் கிளாஸ், நாம் கேட்காமலே இந்தக் கண்காணிப்பைப் பெறுகிறது. அங்கே அடிப்படையான ‘ஆப்ஜெக்ட்’ என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது, மாற்றங்களை மீட்கத் தெரிந்த ரென்பையின் சொந்த வகை. லிஸ்ட்டும் டிக்‌ஷனரியும் செட்டும் அங்கே அப்படித்தான்.

அதே கிளாஸை ஒழுங்குக்காக ஒரு தனி பைத்தான் கோப்பில் எழுதி இறக்குமதி செய்தால் இந்தப் பாதுகாப்பு கழன்றுவிடும். என்ன நடக்கும்? துணிவு 20. ஆட்டக்காரர் ‘நான் போகிறேன்’ என்ற தெரிவை எடுக்கிறார். ஐந்து கூடி 25. பின்னால் உருட்டுகிறார். உரையும் படமும் திரும்புகின்றன. எண் 25-லேயே நிற்கிறது. மறுபடி அதே தெரிவு; 30. நான்கு முறை உருட்டினால் எந்தக் கதவும் திறக்கும். இதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தும் ஆட்டக்காரரால் பெரிய கேடில்லை. எதுவும் தெரியாமல், தவறவிட்ட ஒரு வசனத்தைப் படிக்கப் பின்னால் போனவருக்கு, தான் தேர்ந்தெடுக்காத ஒரு நாயகி கிடைக்கிறாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஆகவே, மாறக்கூடிய நிலையைச் சுமக்கும் கிளாஸ் ஸ்கிரிப்ட் கோப்பிலேயே இருக்கட்டும். வெறும் கணக்கு செய்து விடை தரும் ஃபங்ஷன்கள் வேண்டுமானால் தனிக் கோப்புக்குப் போகலாம். பைத்தான் நூலகத்திலிருந்து வரும் ‘கவுண்டர்’ போன்ற சேகரிப்பு வகைகளுக்கும் இதே எச்சரிக்கை: அவற்றுக்குள் நடக்கும் மாற்றம் எஞ்சினின் கண்ணுக்குத் தெரியாது.

பகடை உருட்டும் ஆட்டங்களுக்கு ஒரு சொல். பைத்தானின் சொந்த ‘ரேண்டம்’ ரோல்பேக்கை அறியாது. ரென்பை தரும் ரேண்டம், பின்னால் போய் மறுபடி வந்தாலும் அதே எண்ணைத் தரும்படி அமைந்தது. அதிர்ஷ்டத்தைத் திரும்பத் திரும்ப உருட்டிப் பார்க்க விட வேண்டாம் என்றால் இரண்டாவதையே கையாள வேண்டும்.

7. மூன்றாவது சோதனை: பழைய சேவ், புதிய கிளாஸ்

அத்தியாயம் அத்தியாயமாக வெளியாகும் ஆட்டங்கள் பல. முதல் அத்தியாயத்தில் தேன்மொழிக்குத் துணிவும் அறிவும். இரண்டாவதில் ‘பொறுமை’ சேர்கிறது. ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தட்டில் பொறுமை = 10 என்று ஒரு வரி சேர்த்து வெளியிட்டால், புதிதாகத் தொடங்குகிறவருக்குக் குறையில்லை. பழைய சேவை ஏற்றுகிறவருக்கு, பொறுமையை முதன்முதலில் கேட்கும் காட்சியில் ஆட்டம் முறிகிறது. காரணம், பிக்கிள் சேமிப்பது ஆப்ஜெக்ட்டின் புலங்களையும் கிளாஸின் பெயரையும் மட்டுமே. ஏற்றும்போது இனிட் மெத்தட் ஓடாது. அன்று இருந்த புலங்கள் மட்டும் திரும்ப வைக்கப்படும்.

இதில் ஒரு முரண் உண்டு. டிஃபால்ட் கூற்றால் புதிதாகச் சேர்த்த ஒரு தனி மாறி, பழைய சேவை ஏற்றும்போது தானாகவே நிறுவப்பட்டுவிடும். ஆப்ஜெக்ட்டின் உள்ளே சேர்த்த புலத்துக்கு அந்தச் சலுகை இல்லை. தனி மாறிகளை விட்டுக் கிளாஸுக்கு வருகிறவர் இதை ஈடுகட்ட இரண்டு வழிகள். எளியது, கிளாஸின் உடலிலேயே, மெத்தட்டுகளுக்கு வெளியே, பொறுமை = 10 என்று எழுதுவது: ஆப்ஜெக்ட்டில் புலம் இல்லாதபோது பைத்தான் கிளாஸைப் பார்த்துப் பத்தை எடுத்துக்கொள்ளும். எண், சரம் போன்ற எளிய மதிப்புகளுக்கு இது போதும். லிஸ்ட்டையோ டிக்‌ஷனரியையோ அங்கே வைத்தால் விபரீதம்: எல்லாப் பாத்திரங்களும் ஒரே லிஸ்ட்டைப் பகிர்வார்கள், அது சேவிலும் போகாது. அப்படிப்பட்டவற்றுக்கு இரண்டாவது வழி. ‘ஆஃப்டர் லோட்’ என்ற பெயரில் ஒரு லேபிள் எழுதி வைத்தால், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ரென்பை அதை அழைக்கும். இல்லாத புலத்தை அங்கே நிரப்பலாம். நிரப்பிய பிறகு அந்த இடத்துக்கு முன்னால் உருட்ட முடியாதபடி ரோல்பேக்கைத் தடுத்துவிட வேண்டும். இல்லையேல் ஆட்டக்காரர் பின்னால் போய் அந்தப் புலம் இல்லாத காலத்துக்கே திரும்பிவிடுவார்.

நான்காம் பிரிவில் சொன்ன பிராப்பர்ட்டிக்கும் இங்கே ஒரு விலை உண்டு. முதல் வெளியீட்டில் துணிவு வெறும் புலம். இரண்டாவதில் அதைப் பிராப்பர்ட்டியாக்கி உண்மை எண்ணை _துணிவு என்ற புலத்துக்கு மாற்றினோம் என்று வைத்துக்கொள்வோம். பழைய சேவிலிருந்து ‘துணிவு’ என்ற புலம் வந்து சேரும். ஆனால் பிராப்பர்ட்டி அதை மறைத்து நிற்கும், _துணிவு இருக்காது. ஆட்டக்காரர் சேர்த்த எண் ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே இருந்தும் எட்டாது. ஆஃப்டர் லோட் லேபிளில் ஆப்ஜெக்ட்டின் உள் டிக்‌ஷனரியைத் திறந்து பழைய எண்ணை எடுத்துப் புதிய பெயரில் வைத்தால் மீளும். வரம்பு தேவைப்படும் என்று சிறிதளவு ஐயம் இருந்தாலும் முதல் வெளியீட்டிலேயே பிராப்பர்ட்டியாக எழுதிவிடுவதே நல்லது. கிளாஸின் பெயரையும் வெளியீட்டுக்குப் பின் தொடக் கூடாது. பிக்கிள் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

8. திரையில் காட்டல்

பண்பளவுத் திரை எழுதுவது கடினமல்ல. ‘ஃபீல்ட் வேல்யூ’ என்பதற்கு ஆப்ஜெக்ட்டையும் புலத்தின் பெயரையும் உச்ச அளவையும் கொடுத்தால் பட்டை தானே நிரம்பும். எச்சரிக்கை ஒன்றே: ரென்பை திரைகளை, ஆட்டக்காரர் திறக்கும் முன்பே முன்னூகித்து ஓட்டிப் பார்க்கும், திறந்த பின்னும் பலமுறை ஓட்டும். ஆகவே திரைக்குள்ளிருந்து அழைக்கும் மெத்தட் எதுவும் எண்ணை மாற்றக் கூடாது. எண்ணைச் சொல்லும் மெத்தட்டுகளையும் எண்ணை மாற்றும் மெத்தட்டுகளையும் பெயரிலேயே பிரித்து வைத்தால் இந்தத் தவறு நேராது: துணிந்தவளா என்று கேட்பது ஒன்று, கற்பி என்று ஏவுவது ஒன்று. மாற்றுவது, பொத்தானை அழுத்தும்போது நடக்கும் ‘ஆக்‌ஷன்’ வழியாகவே போகட்டும்.

9. பாத்திரங்களுக்கு இடையே, ஆட்டங்களுக்கு இடையே

நெருக்கம் என்பது ஒருவருடைய பண்பளவு அல்ல, இருவருக்கு இடையிலானது. தேன்மொழிக்கு வேலன்மேல் உள்ள மதிப்பும் வேலனுக்குத் தேன்மொழிமேல் உள்ள மதிப்பும் ஒரே எண்ணாக இருக்கத் தேவையில்லை. நல்ல காதல் கதைகளில் அவை ஒன்றாக இருப்பதும் இல்லை. எனவே ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டுக்குள்ளும், மற்றவர் பெயரைச் சாவியாகக் கொண்ட ஒரு டிக்‌ஷனரி. சாவியாக மற்றவரின் ஆப்ஜெக்ட்டை வைக்காமல் பெயரைச் சரமாக வைப்பதே மேல்: சேவ் எளிதாக இருக்கும், பிழை தேடும்போது கண்ணால் படிக்கவும் முடியும். தேன்மொழி.பழகு("வேலன்", 3) என்ற வரி அவள் பக்கத்து எண்ணை மட்டும் கூட்ட வேண்டும். அவன் பக்கத்து எண்ணுக்கு அவனுடைய வரி வேண்டும்.

முடிவுகளின் தொகுப்பு, திறந்த படங்கள் போல ஆட்டம் தாண்டியும் நிற்க வேண்டியவற்றை ரென்பை ‘பெர்சிஸ்டன்ட்’ என்ற தனிக் கிடங்கில் வைக்கிறது. அந்தக் கிடங்கு இனிட் பைத்தான் பகுதிகள் ஓடுவதற்கு முன்பே திறக்கப்படுவதால், அங்கே எழுதிய நம் கிளாஸ் அதற்கு இன்னும் அறிமுகமாகியிருக்காது. ஒரு முடிவை எட்டியபோது தேன்மொழியின் துணிவு எவ்வளவு என்று அடுத்த ஆட்டத்திலும் காட்ட விரும்பினால், ஆப்ஜெக்ட்டை அங்கே வைக்காமல் அந்த எண்ணை மட்டும் எடுத்து வைக்க வேண்டும்.